இளைத்த குதிரைக்குக் கொள்ளு வைக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குக் குதிரை என்றால் முனியாண்டி கோயில் வாசலில் சுண்ணாம்பு பூசி நிற்பதுதான். உயிருள்ள குதிரை ஒன்று, விலா எலும்புகளை எண்ணிவிடலாம் என்கிற நிலையில் எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு வந்தபோது லயமே திரண்டுவிட்டது. யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் வெல்லம் கொண்டுவந்தார், ஒருவர் தவிடு. மூன்றாவது வீட்டு அக்கா ஊறவைத்த கொள்ளை அரை வாளி தூக்கி வந்தார். அத்தனையையும் அன்றைக்கே தின்றிருந்தால் அந்த வாரமே குழி வெட்டியிருப்போம்.

பட்டினி கிடந்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் திடீரென மாவுச்சத்தும் சர்க்கரையும் போனால் இன்சுலின் பெருகும். இரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுபட்டுப் போகும். இதயமும் மூச்சும் தடுமாறும். சாவு உடனே வராது. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் வரும். அதனால்தான் "நன்றாகத்தானே தின்றது, என்ன ஆனதென்றே தெரியவில்லை" என்கிறார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த நாம், குதிரையைக் கண்டதும் அதை மறந்துவிடுகிறோம். (எள்ளும் வேண்டாம். பழமொழியை அவ்வளவு தூரம் நம்ப வேண்டியதில்லை.)

கொடுக்க வேண்டியது காய்ந்த குதிரைமசால், அதாவது அல்ஃபால்ஃபா என்கிற தீவனப் பயிர். சர்க்கரையும் மாவுச்சத்தும் அதில் குறைவு. புரதமும் தாதுக்களும் அதிகம். வளர்ந்த குதிரை என்றால் முதல் மூன்று நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அரை கிலோ, அவ்வளவுதான். நள்ளிரவு வேளையும் இதில் சேர்த்தி. அலாரம் வைத்து எழுந்துதான் ஆக வேண்டும். நான்காம் நாளிலிருந்து அளவை மெல்லக் கூட்டி, வேளைகளைக் குறைத்து, பத்து நாளைத் தாண்டிய பிறகே வயிறு நிறையக் கொடுக்கலாம். தானியம் அதற்கும் வெகு நாள் கழித்து. கேட்கச் சுலபமாக இருக்கும். அரை கிலோவை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, சிமெண்டுத் தரையை நக்கி, வாளியை மூக்கால் தள்ளித் தள்ளி உங்களையே பார்க்கும்போதுதான் சிரமம் தெரியும். இன்னொரு பிடி போடலாம் என்று கை போகும். எனக்கும் போனது.

அடுத்த தவறு, குதிரையை மாடாகப் பார்ப்பது. எங்கள் சித்தப்பா முப்பது ஆண்டுகளாக மாடு வளர்ப்பவர். "நாலு கால், புல் தின்னும், வேறென்ன?" என்றார். வேறு நிறைய இருக்கிறது. குதிரை அசைபோடாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. மாட்டுக்கு வெட்டிப்போடும் நேப்பியர், செத்தாரியா புற்களில் இருக்கும் ஆக்சலேட்டை மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட, உடல் எலும்பிலிருந்து அதை உருவ, மாதக்கணக்கில் அதே புல்லைத் தின்ற குதிரையின் முக எலும்பு வீங்கிப்போகும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி என்பதால் அதுவும் இதே கேட்டைத்தான் செய்யும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கோழித் தீவனத்துக்கு. கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் மொனென்சின் போன்ற மருந்தைக் கலப்பதுண்டு. சில மாட்டுத் தீவனங்களிலும் அது உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே குதிரையின் இதயத் தசை சிதைந்துவிடும். மாற்று மருந்து கிடையாது. கோழி மூட்டையும் குதிரையும் ஒரே கூரையின் கீழ் இருக்கவே கூடாது. செம்பனை மரத்தடியில் களைக்கொல்லி அடித்த இடத்தில் மேயவிடுவதும் அப்படித்தான்.

வந்த அன்றே வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கத் துடிக்காதீர்கள். சாணத்தைப் பரிசோதித்து மருத்துவர் சொன்ன பிறகு கொடுங்கள். அவற்றில் ஒன்றான மொக்சிடெக்டின் கொழுப்பில் தங்கும் மருந்து. கொழுப்பே இல்லாத உடலில் அது நஞ்சாக மாறக்கூடும். செருப்பு முனைபோல் வளைந்த குளம்பை ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்ய முயன்றால் குதிரை நொண்டும். சில வாரங்கள் இடைவெளி விட்டுப் படிப்படியாகத்தான் வெட்ட வேண்டும். தின்ற புல்லை உருண்டையாகத் துப்பினால் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் வெயிலுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சூடும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். பிற்பகல் மூன்று மணிக்குக் கழுத்திலும் விலாவிலும் கை வைத்துப் பாருங்கள். விலாவில் மூச்சு வாங்குகிறது, தோலோ காய்ந்து கிடக்கிறது என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுங்கள், மருத்துவரை அழையுங்கள்.

இன்னொன்று, கையெழுத்து. முன்னாள் உரிமையாளர் "எடுத்துக்கொண்டு போங்கள்" என்று வாயால் சொன்னது போதாது, எழுதி வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வராமல் கால்நடைச் சேவை இலாகாவிடம் புகார் செய்யுங்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குளிப்பாட்டிப் பிடரியைச் சீவிவிடுவதற்கு முன்பே நான்கு பக்கமும் படம் எடுத்துத் தேதி குறித்து வையுங்கள். நாங்கள் முதலில் குளிப்பாட்டிவிட்டோம்.