லினக்ஸ் சேமிப்பு டிரைவர்களில் அமைவு உள்ளீட்டைப் பகுக்கும் முறை

வட்டின் கொள்ளளவு, கட்டளை வரிசையின் நீளம், தொடக்க செக்டர் (செக்டர் என்பது வட்டின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு) என்று ஒரு சேமிப்பு டிரைவருக்குத் தரப்படும் அமைவு மதிப்பு எதுவானாலும், பெரும்பாலும் அது எழுத்துச் சரமாகவே கெர்னலுக்குள் நுழைகிறது. அந்தச் சரத்தை எண்ணாகவோ கொடியாகவோ மாற்றும் பகுதி பத்து இருபது வரிகளுக்கு மேல் போவதில்லை என்பதால் பலரும் அதைக் கடைசியில் அவசரமாக எழுதி முடிக்கிறார்கள். ஆனால் அங்கே நேரும் பிழையின் விளைவு வட்டில் போய் விழுகிறது. தவறான செக்டரின் மேல் எழுதப்பட்ட தரவைப் பின்னர் மீட்க வழியில்லை. ஆகவே இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு பகுதியும் ஒரே விதியைச் சுற்றியே அமைகிறது: சரத்தின் கடைசி எழுத்து வரை புரிந்தால் மட்டுமே அதை ஏற்க வேண்டும், இல்லையென்றால் எதையும் மாற்றாமல் மறுக்க வேண்டும். சி மொழியும் எளிய கெர்னல் மாட்யூல் எழுதிய பழக்கமும் படிப்பவருக்கு உண்டு என்று கொள்கிறேன்.

முதலில், சரம் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாட்யூல் அளபுருவாக வரலாம். அப்போது அது இயந்திரம் துவங்கும்போதே கெர்னல் கட்டளை வரியிலிருந்தும் வரக்கூடும். கெர்னல் தன் அமைவுகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் கோப்பில் எழுதப்பட்டு வரலாம். வட்டுகளின் மேல் மெய்நிகர் வட்டுகளை அமைக்கும் டிவைஸ் மேப்பரின் அட்டவணை வரியாகவும் வரலாம். சிஸ்எஃப்எஸ் வழியில் ஒரு முறை எழுதுவதற்கு ஒரு நினைவகப் பக்கம் என்ற எல்லை உண்டு. சரத்தின் இறுதியில் சுழிய பைட் இருக்கும் என்பதை கெர்னலே உறுதிசெய்கிறது. ஷெல்லின் எக்கோ கட்டளை சேர்க்கும் புதுவரிக் குறியும் கூடவே வந்து நிற்கும். எழுத்தைப் பெறும் செயற்கூறு வெற்றி பெற்றால், தனக்கு வந்த பைட்டுகளின் முழு எண்ணிக்கையைத் திருப்பித் தர வேண்டும். அதைவிடக் குறைவான எண்ணைத் தந்தால், பயனர் பக்கத்து நிரல் எஞ்சிய பகுதியை மீண்டும் ஒருமுறை அனுப்பும். டிரைவர் அந்த வாலைப் புதிய மதிப்பாக எடுத்துக்கொள்ளும்.

எண்ணாக மாற்றுவதற்கு கெர்னலில் பழைய செயற்கூறுகளும் புதியவையும் உள்ளன. சிம்பிள்-ஸ்டர்டோ என்று தொடங்கும் பழையவை, படிக்க முடிந்த இலக்கங்களைப் படித்துவிட்டு நின்றுவிடும். எண் கொள்ளளவை மீறினாலும் சொல்வதில்லை. கெர்னல் ஆவணமே இவற்றைக் கைவிடப்பட்டவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. 2011-இல் வந்த கே-ஸ்டர்டோ குடும்பம் இதற்கு நேர்மாறாகக் கண்டிப்பானது: முன்னால் இடைவெளி இருந்தால் மறுக்கும், பின்னால் ஒரே ஒரு புதுவரிக் குறியைத் தவிர வேறு எது இருந்தாலும் மறுக்கும், எண் பெரிதாகிவிட்டால் அதற்கென்று தனிப் பிழைக்குறி தரும். புதிய டிரைவரில் இந்தக் குடும்பத்தையே பயன்படுத்துங்கள். அதிலும் மாறியின் அகலத்துக்குப் பொருந்திய செயற்கூறையே தேர்ந்தெடுங்கள். 64 பிட் எண்ணாகப் படித்து 32 பிட் மாறியில் போட்டால் 4294967296 என்பது சத்தமின்றிச் சுழியமாகிவிடும். 512 பைட் செக்டர் கணக்கில் அது 2 டெபிபைட் எல்லை, இன்றைய வட்டுகளுக்கு மிகச் சாதாரணமான இடம்.

எண்ணின் அடிமானத்தையும் நீங்களே முடிவு செய்ய வேண்டும். அடிமானமாகச் சுழியத்தைக் கொடுத்தால் கெர்னல் தானே ஊகிக்கும். அந்த ஊகத்தில் முன்னால் சுழியம் உள்ள எண் எட்டடிமான எண்ணாகப் படிக்கப்படும், அதாவது 010 என்று எழுதியவருக்கு 8 கிடைக்கும். அழகுக்காகச் சுழியம் சேர்த்து எழுதும் ஸ்கிரிப்டுகள் உலகில் ஏராளம். பத்தடிமான எண் மட்டுமே பொருள் தரும் இடத்தில் 10 என்று வெளிப்படையாகவே கொடுத்துவிடுவது நல்லது.

அளவுகளைக் கிலோ, மெகா, கிகா என்னும் பின்னொட்டுகளோடு எழுத விரும்புவோருக்காக மெம்பார்ஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. நினைவகத்தில் சுருக்கப்பட்ட வட்டை உருவாக்கும் இசட்ரேம் டிரைவர் தன் வட்டின் அளவை இதன் மூலமே படிக்கிறது. வசதியான கருவிதான், ஆனால் அடிமானத்தை ஊகிப்பதும் மீறலைக் கண்டுகொள்ளாததும் அதற்கும் உண்டு. எங்கே படிப்பை நிறுத்தினோம் என்பதை அது ஒரு சுட்டியில் தருகிறது. அந்தச் சுட்டியை வாங்கிப் பார்க்காத டிரைவருக்கு, பின்னொட்டைத் தவறாக அடித்த பயனர் கேட்டது பத்து கிகாபைட்டா பத்து பைட்டா என்று தெரியாது. ஆகவே சுட்டியை வாங்குங்கள், ஒரு புதுவரிக் குறியைத் தாண்டுங்கள், அதன் பின் சுழிய பைட்டைத் தவிர வேறு எது இருந்தாலும் மறுத்துவிடுங்கள். அடுத்து வரும் பெருக்கலையும் மேல்நோக்கிய முழுமையாக்கலையும் மீறல் சோதனையோடுதான் செய்ய வேண்டும். 64 பிட்டின் உச்ச மதிப்பை 4096-இன் மடங்காக மேலே ஏற்றினால் விடை சுழியம் என்பதால், சுழியமா என்று முன்பே பார்த்துவிட்டோம் என்ற சமாதானம் அங்கே செல்லாது.

எண் சரியாகப் படிக்கப்பட்ட பிறகு அது பொருளுள்ள எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகமான எஸ்எஸ்டி வட்டுகளுக்கான என்விஎம்இ டிரைவரின் வரிசை நீளம் இதற்கு நல்ல முன்மாதிரி: அது 2 முதல் 4095 வரை மட்டுமே ஏற்கப்படும். கீழெல்லை 2 ஆனதற்குக் காரணம், வளைய வடிவ வரிசையில் நிறைந்த நிலையையும் காலியான நிலையையும் பிரித்தறிய ஓர் இடத்தை எப்போதும் வெறுமையாக விட வேண்டும் என்பதே. ஒரே இடமுள்ள வரிசையில் ஒரு கட்டளையைக்கூட வைக்க முடியாது. உங்கள் டிரைவரிலும் எல்லைகளை வன்பொருளின் இயல்பிலிருந்து எடுத்து, பக்கத்திலேயே அதன் காரணத்தைக் குறிப்பாக எழுதி வையுங்கள்.

டிவைஸ் மேப்பரின் லீனியர் இலக்கு (மெய்நிகர் வட்டின் ஒரு பகுதியை வேறொரு சாதனத்தின் மேல் நேராகப் பொருத்தும் வகை), ஒரு சாதனத்தின் பெயரையும் தொடக்க செக்டரையும் மட்டுமே வாங்குகிறது. வாதங்கள் இரண்டுதானா என்று எண்ணிப் பார்ப்பது அதன் முதல் வேலை. பிறகு வடிவச் சரத்தின்படி மதிப்புகளைப் பிரித்தெடுக்கும் எஸ்ஸ்கேன்எஃப் மூலம் செக்டரைப் படிக்கும்போது, எண்ணுக்கு ஓர் இடமும் அதை அடுத்து ஒற்றை எழுத்துக்கு ஓர் இடமும் வடிவச் சரத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு இடமும் நிரம்பினால் எண்ணுக்குப் பின் ஏதோ குப்பை ஒட்டியிருக்கிறது என்று பொருள்; எனவே சரியாக ஒன்று மட்டும் நிரம்பினால்தான் சரம் ஏற்கப்படும். இந்தச் சிறிய உத்தியை எனக்கு மிகவும் பிடிக்கும். படித்த எண்ணைச் செக்டர் வகைக்கு மாற்றி, மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிடும் வரியும் உடன் உண்டு. 32 பிட் இயந்திரங்களில் செக்டர் எண்ணே 32 பிட்டாக இருக்கக்கூடிய அமைப்பு 2019 வரை கெர்னலில் இருந்ததை நினைத்தால் அதன் தேவை விளங்கும். ஆயினும் எஸ்ஸ்கேன்எஃப் 64 பிட்டைத் தாண்டும் எண்ணைப் பிடிப்பதில்லை என்பதால், இதே வடிவத்தைப் புதிதாக எழுதுவோர் கே-ஸ்டர்டோ குடும்பத்துக்கே போகலாம்.

பட்டியலாக வரும் உள்ளீடுதான் எல்லாவற்றிலும் கடினமானது. சாதனங்களின் குறைகளுக்கான திருத்தங்களைச் சொல்லும், யூஎஸ்பி சேமிப்பு டிரைவரின் குவர்க்ஸ் அளபுருவைப் பாருங்கள்: தயாரிப்பாளர் எண், பொருள் எண், கொடி எழுத்துகள் மூன்றும் முக்காற்புள்ளியால் பிரிந்து ஒரு பதிவாகும், பதிவுகள் காற்புள்ளியால் பிரியும், எல்லாம் சேர்ந்து 128 பைட் இடத்துக்குள் அடங்க வேண்டும். சாதனம் இணைக்கப்படும்போது டிரைவர் இந்தச் சரத்தைத் தொடக்கத்திலிருந்து நடந்து, எண்கள் பொருந்தும் பதிவைத் தேடுகிறது. முக்காற்புள்ளிக்குப் பதில் வேறு குறி இருந்தால் அந்தப் பதிவு எச்சரிக்கையின்றித் தாண்டப்படும். அறிமுகமில்லாத கொடி எழுத்து வந்தாலும் அது புறக்கணிக்கப்படும். இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பொருந்திய பதிவில் உள்ள கொடிகள், அந்தச் சாதனத்துக்கு டிரைவர் ஏற்கெனவே வைத்திருக்கும் அதே வகைக் கொடிகளின் இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. சாதனம் தன் கொள்ளளவை ஒரு செக்டர் கூட்டிச் சொல்லும் குறையைச் சரிசெய்யும் கொடி உள்ளே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பயனர் வேறொரு கொடிக்காகத் தவறான எழுத்தை அடித்தால், கேட்ட கொடி வராததோடு இருந்த திருத்தமும் போய்விடும். பழைய கெர்னலும் புதிய கொடிகளைத் தாங்க வேண்டும் என்பதற்காக அறியாத எழுத்தைப் பொறுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. புதிய டிரைவருக்கு அந்தச் சுமை இல்லை. அறியாத எழுத்தைக் கண்டால் முழுப் பட்டியலையும் மறுப்பதே என் பரிந்துரை.

பட்டியலைப் பிரிக்க ஸ்டர்செப் என்னும் செயற்கூறைப் பயன்படுத்துவோர் இரண்டு விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். அது தான் பிரிக்கும் சரத்தையே மாற்றிவிடும். சிஸ்எஃப்எஸ் தரும் சரத்தையோ மாற்றக் கூடாது. எனவே முதலில் நகலெடுக்க வேண்டும். பிரிக்கும்போது சுட்டி முன்னே நகர்ந்துகொண்டே போவதால், நகலின் தொடக்க முகவரியை வேறொரு மாறியில் பத்திரப்படுத்தி, எல்லா வெளியேறும் வழிகளிலும் அந்த முகவரியையே விடுவிக்க வேண்டும்.

பகுத்த மதிப்புகளை நேரடியாகச் சாதனத்தின் நிலையில் எழுதாமல், உள்ளூர் மாறிகளில் சேர்த்து, எல்லாம் சரியானபின் ஒரே வீச்சில் பொருத்துங்கள். டிவைஸ் மேப்பர் இதைக் கட்டமைப்பாகவே கொண்டிருக்கிறது: புதிய அட்டவணை செயல்படாத இடத்தில்தான் ஏறும், அங்கே பகுப்பு தோற்றால் ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணைக்கு ஒன்றும் ஆகாது, பிறகு தொடரச் சொல்லும்போதுதான் பழையதன் இடத்துக்குப் புதியது வரும். சிறிய டிரைவருக்கு இசட்ரேமின் வழி போதும்: எண்ணைப் பூட்டுக்கு வெளியே படிப்பது, பூட்டை எடுத்தபின் சாதனம் ஏற்கெனவே துவக்கப்பட்டதா என்று பார்ப்பது, ஆம் எனில் மாற்ற மறுப்பது. நிலையைப் பூட்டுக்கு முன்பே பார்த்துவிட்டால், பார்த்த கணத்துக்கும் எழுதும் கணத்துக்கும் இடையில் வேறொருவர் சாதனத்தைத் துவக்கிவிடக் கூடும்.

மறுக்கும்போது காரணத்துக்கு ஏற்ற பிழைக்குறியைத் தாருங்கள்: புரியாத சரம், எல்லை மீறிய எண், இப்போது மாற்ற இயலாத நிலை ஆகிய மூன்றும் வேறு வேறு. டிவைஸ் மேப்பர் இலக்குகள் கூடவே ஒரு வாக்கியத்தையும் பதிவேட்டில் விடுகின்றன. இரவில் சர்வரைச் சரிசெய்யும் ஒருவருக்கு அந்த ஒரு வரி மணிக்கணக்கான வேலையை மிச்சப்படுத்தும். பயனர் தந்த சரத்தைப் பதிவேட்டில் அப்படியே அச்சிடாமல், கட்டுப்பாட்டு எழுத்துகளை மாற்றி நீளத்தையும் வரையறுத்து அச்சிடுங்கள். கோப்பைப் படிக்கும்போது டிரைவர் காட்டும் மதிப்பு, அதே கோப்பில் திரும்ப எழுதினால் ஏற்கப்படும் வடிவில் இருக்க வேண்டும்.

சோதனையை மெய்நிகர் இயந்திரத்தில் மட்டுமே செய்யுங்கள். பகுக்கும் செயற்கூறைச் சாதனத்தைத் தொடாத தனிச் செயற்கூறாக வைத்திருந்தால், கெர்னலின் கேயூனிட் சோதனைச் சட்டகத்தில் அதை வட்டே இல்லாமல் சோதிக்கலாம். வெற்றுச் சரம், புதுவரி மட்டும் உள்ள சரம், முன்னிடைவெளி, கழித்தல் குறி, 010, எல்லைக்கு ஒன்று கீழும் மேலும் உள்ள எண்கள், 18446744073709551616, எண்ணுக்குப் பின் ஒட்டிய ஓர் எழுத்து, தொடர்ந்து வரும் இரு காற்புள்ளிகள் ஆகியவற்றைத் தவறாமல் கொடுத்துப் பாருங்கள். மறுக்கப்பட வேண்டிய ஒவ்வொரு சரத்துக்குப் பிறகும் டிரைவரின் முந்தைய மதிப்பு அப்படியே இருக்கிறதா என்பதையும் படித்து ஒப்பிடுங்கள்.