தொழிற்கல்வி ஆய்வறிக்கையை எப்படிப் படிப்பது?

லேத் பட்டறையில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். தொழிற்பிரிவில் படித்தவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குப் போகிறார்கள், பிரிவைப் பெரிதாக்குங்கள் என்று. கூட்டத்தில் கணக்கு ஆசிரியை ஒருவர், "சார், இதே பசங்க உங்ககிட்ட சேராம இருந்திருந்தா என்ன ஆயிருப்பாங்க?" என்று கேட்டார். வாயடைத்துப் போனேன். ஆர்வம் உள்ளவர்களாகப் பார்த்துச் சேர்த்தவனே நான்தானே!

அன்றிலிருந்து எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் முன்னுரையைத் தாண்டிப் போய், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் சும்மா பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அறிக்கையைப் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

நல்ல ஒப்பீடு எப்படி இருக்கும்? அமெரிக்காவில் 1993-இல் தொடங்கிய 'கேரியர் அகாடமி' ஆய்வைச் சொல்லலாம். உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே, ஒரு தொழில்துறையை மையமாக வைத்து நடக்கும் சிறு பள்ளிதான் அகாடமி. ஒன்பது பள்ளிகளில் இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டார்கள். விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் ஆர்வம் உண்டு, இடம் கிடைப்பது மட்டும் அதிர்ஷ்டம். 1,400-க்கும் மேற்பட்டவர்களைப் பள்ளி முடிக்க வேண்டிய காலத்துக்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இடம் கிடைத்தும் நடுவில் விட்டுப் போனவர்களைக் கணக்கிலிருந்து கழிக்கவில்லை. இதை அவசியம் பாருங்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் ஜெயித்த மாதிரிதான் தெரியும்.

குலுக்கல் இல்லாத இடத்தில் கட் ஆஃப் மதிப்பெண் உதவும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துத் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வு அப்படிப்பட்டது. கட் ஆஃபைத் தொட்டு உள்ளே போனவனும் அரை மதிப்பெண்ணில் தவறவிட்டவனும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பையன்கள்தானே. உள்ளே போன ஆண் மாணவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் சுமார் 10 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்தது. 23 வயது வாக்கில் வருமானமும் ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம்.

மாணவிகளுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. அறிக்கையைச் சராசரியோடு மூடி வைக்காமல் ஆண், பெண், தொழிற்பிரிவு என்று உடைத்துப் போட்ட அட்டவணையைத் தேடுங்கள். வெல்டிங்கும் அழகுக்கலையும் ஒரே சம்பளமா கொடுக்கும்?

அடுத்து, எதை அளந்தார்கள் என்று பாருங்கள். அகாடமி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. கல்லூரிப் படிப்பிலும் இல்லை. மதிப்பெண் பட்டியலோடு நிறுத்தியிருந்தால் 'தண்டம்' என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் அவர்களுடைய ஆண்டு வருமானம் சராசரியாக 11 சதவீதம், அதாவது சுமார் 2,000 டாலர் கூடுதல். ஆண்களுக்கு 17 சதவீதம்.

எந்த வயதில் அளந்தார்கள் என்பதும் முக்கியம். பொருளாதார அறிஞர் எரிக் ஹனுஷெக்கும் அவருடைய குழுவினரும் 11 நாடுகளின் தரவை வைத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்கல்வி படித்தவர்களுக்கு இளமையில் வேலை எளிதாகக் கிடைக்கிறது, வயது ஏற ஏற அந்தச் சாதகம் கரைந்து தலைகீழாகிறது என்று வந்தது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. கைலேத்தில் தேர்ந்தவர்கள் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் வந்ததும் தடுமாறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் இங்கே குலுக்கலும் இல்லை, கட் ஆஃபும் இல்லை. அதனால் அடிக்கோடு போட்டு வைத்தேன், மனப்பாடம் செய்யவில்லை.

சரி, உங்கள் பள்ளியிலேயே இதைச் செய்து பார்க்க ஆசையா? சேர்க்கை முடிந்ததும், விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்களின் பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள். தொடர்பு எண்ணையும் விசாரித்து எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து இரு பக்கத்தாரையும் ஒரே கேள்விகளோடு கூப்பிட்டுக் கேளுங்கள். எடுக்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை கிடைக்காதவன் போனை எடுக்கத் தயங்கலாம்.