எல்லை தாண்டி வந்த குடும்பமும் கவுன்சிலரின் அறையும்: பாலக்காட்டுக்குப் புதியவர்களுக்கு

வாளையாரையோ கோபாலபுரத்தையோ கடந்து, வேலைக்காகவோ திருமணத்தினாலோ பாலக்காட்டுப் பக்கம் குடியேறும் தமிழர்களுக்கு ரேஷன் அட்டை, வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றைப் பற்றிச் சொல்லித்தர அக்கம்பக்கத்தில் ஆள் கிடைப்பார். வீட்டுச் சச்சரவு முற்றி, பள்ளியிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ குடும்பத்தோடு கவுன்சிலிங்குக்கு வரச் சொல்லும்போது அங்கே என்ன நடக்கும், எதைச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லித்தருபவர் குறைவு. இக்குறிப்பு அதற்காக எழுதப்படுகிறது.

குடும்ப சிகிச்சை எனப்படும் இந்தக் கவுன்சிலிங்கில் குடிக்கும் கணவரையோ பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையையோ மட்டும் தனியே வைத்து ஆராய்வதில்லை. வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது, யார் யாரோடு பேசுவதில்லை, ஒருவரின் துன்பம் மற்றவர்களின் நடத்தையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் மர்ரே போவென், சால்வடார் மினுச்சின் போன்றவர்கள் இம்முறையை வளர்த்தபோது, குடும்ப உறுப்பினர்களுக்கிடையே தெளிவான எல்லைகள் இருப்பது நலம் என்ற கருத்து அதில் வேரூன்றியது. ஆனால் எந்த அளவு நெருக்கம் இயல்பானது என்பது இனத்துக்கு இனம் வேறுபடும் என்று மோனிகா மக்கோல்ட்ரிக்கும் அவருடைய சகாக்களும் 1982-இல் அழுத்தமாக எடுத்துரைத்தார்கள். ஐரிஷ் வீட்டில் இயல்பாகத் தோன்றும் மௌனம் இத்தாலிய வீட்டில் கோபமாகத் தோன்றலாம் அல்லவா? நம் நாட்டில் குடும்பம் வேறு வழியாக மருத்துவமனைக்குள் நுழைந்தது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கவைத்தார், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு.

பாலக்காட்டில் உங்கள் எதிரே அமரும் கவுன்சிலர் பெரும்பாலும் மலையாளியாக இருப்பார்; தமிழ் ஓரளவு புரியும், பேசவும் செய்வார். இங்கேதான் கவனம் வேண்டும் என்பது என் கருத்து. முற்றிலும் அயலான ஒருவர் நம் வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார். பக்கத்து ஊர்க்காரர், தமக்குத் தெரிந்ததுதானே என்று கேட்காமல் விட்டுவிடுவார், நாமும் சொல்லாமல் விட்டுவிடுவோம்.

தாய்மாமன் உறவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அமர்விலேயே கவுன்சிலர் ஒரு தாளில் மூன்று தலைமுறை உறவுகளை வட்டமும் சதுரமுமாக வரையக்கூடும்; இதை ஜீனோகிராம் என்பார்கள். அக்காள் மகளைத் தம்பி மணப்பது தமிழரிடையிலும் தெலுங்கரிடையிலும் பல சாதிகளில் உள்ள வழக்கம். மலையாளிகளிடம் மாமன் மகளை மணக்கும் முறை உண்டே தவிர, இது கிடையாது. தாய்வழியாகச் சொத்தும் வாரிசும் செல்லும் மருமக்கத்தாயம் நிலவிய தறவாடுகளில் (கூட்டுக்குடும்பங்களில்) மாமனே காரணவராக, அதாவது குடும்பத் தலைவராக, இருந்து சகோதரியின் பிள்ளைகளை வளர்த்தார்; சகோதரி மகள் அவருடைய குடும்பத்தவளே என்பதால் அத்தகைய திருமணத்தை அவர்கள் நினைத்தும் பார்க்கமாட்டார்கள். கூட்டுக்குடும்ப உரிமையைக் கேரளம் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்த பின்பும் அந்த உணர்வு மாறவில்லை. ஆகவே உங்கள் பதிலைக் கேட்டுக் கவுன்சிலரின் பேனா சற்று நின்றால் அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். வழக்கம் அனுமதிக்கும் சமூகங்களில் இத்திருமணம் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி செல்லும். பிள்ளைக்கு வளர்ச்சிக் குறைபாடு இருக்குமானால் சொந்தத்தில் திருமணமா என்று மருத்துவர் கேட்பது மரபணு காரணங்களுக்காக.

இதைவிட முக்கியமானது, இந்த உறவு சண்டையின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது என்பது. தாய்மாமனை மணந்த பெண்ணுக்கு மாமியார் அவளுடைய அம்மாவைப் பெற்ற பாட்டிதான். கணவனோடு பிணக்கு என்றால் போய் முறையிடப் பிறந்த வீடு என்று தனியாக ஒன்று இல்லை. அம்மா தன் தம்பியையும் விட்டுக்கொடுக்க முடியாது, மகளையும் விட்டுக்கொடுக்க முடியாது. கொஞ்ச நாள் பிறந்த வீட்டில் இருந்து வரட்டும் என்ற வழக்கமான யோசனை இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாது. இதைக் கவுன்சிலர் தாமாகக் கண்டுபிடிக்கக் காத்திருக்காமல், நீங்களே விளக்கிச் சொல்ல வேண்டும்.

சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கும் மகன், தலைப்பிரசவத்துக்காகப் பல மாதம் பிறந்த வீட்டில் இருக்கும் மருமகள், தங்கையின் சீருக்காகக் கடன் வாங்கும் அண்ணன் ஆகியோரின் நிலையும் இத்தகையதே. இவற்றில் எது உங்கள் வீட்டில் கடமை, எது உங்களுக்கே பாரமாகிவிட்டது என்று பிரித்துச் சொன்னால் நெருக்கத்தை நோயென்று எண்ணும் பிழை நேராது. ஆனால் வழக்கத்தைக் கேடயமாகப் பிடிப்பவர்களும் உண்டு. ‘எங்கள் ஆட்களில் இப்படித்தான்’ என்று ஒருவர் முடித்துவைக்கும்போது, அதே ஆட்களில் ஒருத்தியான மனைவி என்ன சொல்கிறாள் என்று கேட்காத கவுன்சிலர் பண்பாட்டை மதித்தவர் ஆகமாட்டார்.

கேரளத் தமிழர் எல்லாரையும் ஒரே அச்சில் பார்ப்பதும் தவறு. கல்பாத்தி அக்ரகாரக் குடும்பமும் கொழிஞ்சாம்பாறை விவசாயக் குடும்பமும் ஒன்றல்ல. மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வாழும் குடும்பம் இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அங்கே லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது. ஓய்வு பெறும்போது பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலையை ஏற்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். வெளியூர் சென்று படிக்க விரும்பும் மகளோடு தந்தை போடும் சண்டையைத் தமிழ்ப் பழமைவாதம் என்று ஒருவர் குறித்துக்கொண்டால், அடுத்த ஆண்டு எங்கே குடியிருப்பது என்ற அந்த மனிதரின் கவலை அவர் கண்ணில் படாது.

மொழி பற்றி ஓர் எச்சரிக்கை. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம். ஆகவே பெற்றோரைவிட முன்னதாகப் பிள்ளைகள் மலையாளத்தில் தேறிவிடுகிறார்கள், வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வீட்டுக்காக அவர்களே பேசுகிறார்கள். கவுன்சிலர் அறையில் மட்டும் இதைச் செய்யவிடாதீர்கள். அப்பா குடிப்பதை அம்மா சொல்ல, அதைப் பன்னிரண்டு வயதுப் பையன் மொழிபெயர்ப்பது அவன் தலையில் தாங்கமுடியாத சுமையை ஏற்றுவது. மேலும், தனக்குச் சங்கடமானதை அவன் விட்டுவிடவும் கூடும். தமிழ் தெரிந்த செவிலியரையோ ஊழியரையோ கேளுங்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அவர்களுக்கென அறிவிக்கப்பட்ட பகுதிகளின் அரசு அலுவலகங்களோடு தங்கள் மொழியில் எழுதித் தொடர்புகொள்ள கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் இடமளிப்பதால், தமிழில் மனு எழுதித் தருவதற்கும் தயங்க வேண்டாம்.

நம்மில் பலர் மனத்துயரை உடம்பின் மொழியில் சொல்வோம்: நெஞ்சு படபடப்பு, தலைபாரம், உறக்கமின்மை. அதற்கு முன்பே சோட்டாணிக்கரைக் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய்வந்திருப்போம். இவற்றை மறைக்காதீர்கள், திட்டுவார்களோ என்று அஞ்சிச் சொல்லாமல் விட்டால், இதுவரை குடும்பம் செய்த முயற்சிகளில் பாதி அவருக்குத் தெரியாமல் போகும். தாயத்து கட்டியிருப்பது சிகிச்சைக்குத் தடையல்ல, மாத்திரையை நிறுத்துவதுதான் தடை.

சொன்னது ஊருக்குள் பரவிவிடுமோ என்ற அச்சம், குறிப்பாகச் சாதி விட்டுத் திருமணம் செய்துகொண்டு எல்லை தாண்டி வந்த தம்பதியரிடம், நியாயமானது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைக்கக் கடமைப்படுத்துகிறது. உறவினர் ஒருவர் முன்னிலையில் பேச விருப்பமில்லை என்றால் தனி அமர்வு கேட்கலாம். வீட்டில் அடி உதை இருக்குமானால் அடிப்பவரோடு சேர்ந்து அமரச் சம்மதிக்க வேண்டாம். அந்த அறையில் சொன்னதற்குப் பதிலாக வீட்டில் அடிதான் கிடைக்கும். முதலில் 181 என்ற மகளிர் உதவி எண்ணையோ கேரள அரசின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீயின் ஸ்னேகிதா உதவி மையத்தையோ அணுகுங்கள். குடும்ப நீதிமன்றத்து கவுன்சிலரையும் இக்குறிப்பில் சொல்லப்படும் சிகிச்சையாளரையும் ஒன்றாக எண்ண வேண்டாம். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பதால் அங்குள்ள பேச்சு அந்தத் திசையில்தான் போகும்.

மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் தாலுகா மருத்துவமனைகளிலும் சமூக சுகாதார மையங்களிலும் குறிப்பிட்ட நாள்களில் பார்க்கிறார்கள். எந்த நாள் என்பதை ஓ.பி. சீட்டு தரும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள். நேரில் போக முடியாதவர்கள் 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். கேரளத்திலிருந்து அழைப்பவர்கள் தமிழில் பேச வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.