ஊட்டி மலையில் கார்புரேட்டர் வண்டி ஏன் திணறுகிறது? ட்யூனிங் செய்வது எப்படி?

மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுத்த வண்டி குன்னூர் தாண்டியதும் மந்தமாகிவிடும். முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலேட்டரை விட்டதும் ஐடிலிங் (முறுக்காதபோது எஞ்சின் ஓடுவது) தள்ளாடி ஆஃப் ஆகும். 2020-இல் வந்த பிஎஸ்-6 புகை விதிப்படி செய்த பெரும்பாலான பைக்குகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் என்ற, சென்சார் அளந்து பெட்ரோல் தெளிக்கும் முறை இருப்பதால், இந்தத் தொல்லை முக்கியமாக 2020-க்கு முந்தைய, கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகம்) உள்ள வண்டிகளுக்குத்தான்.

காரணம் இரண்டு. உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. 100 சிசி எஞ்சின் 80 சிசி எஞ்சினுக்கான காற்றைத்தான் இழுக்கும். இந்த இழப்பை எந்த ட்யூனிங்காலும் மீட்க முடியாது. ஒரு கியர் குறைத்து ஓட்டுவதுதான் வழி.

இரண்டாவது காரணத்தைச் சரிசெய்யலாம். கார்புரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது. காற்று 100-லிருந்து 80 ஆகும்போது, ஜெட் எனும் சிறு துளை வழியே வரும் பெட்ரோல் 89 வரைதான் குறையும். மிச்சப் பெட்ரோல் முழுதாக எரியாமல் கரியாகிறது, மைலேஜும் விழுகிறது.

முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். மலையில் பத்து நிமிடம் ஓட்டி, எஞ்சினை அணைத்து, சற்று ஆறவிட்டுக் கழற்றுங்கள். முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் எதையும் தொட வேண்டாம். அடுப்புக்கரி போல உலர்ந்த கறுப்பு படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே கறுப்புதான் வரும். ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கலவை ஸ்க்ரூவுக்குப் போக வேண்டும்.

அடுத்தது ஐடில் கலவை. அதைச் சரிசெய்யும் ஸ்க்ரூ கார்புரேட்டரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். புதியவர்கள் தவறுவது இங்கேதான். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கானது; இடப்பக்கம் திருகினால் காற்று கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவைக்கானது; வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும்.

வண்டி ஓடாதபோது ஸ்க்ரூவை வலப்பக்கம் மெதுவாக முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை சுற்றுக்குள் இருக்கும். முட்டிய பிறகு இறுக்கினால் ஊசிமுனை நசுங்கிவிடும். பழைய இடத்துக்கே திருப்பி, எஞ்சினைச் சூடாக்கி, மேலே சொன்ன திசையில் கால் சுற்று. பத்து நொடி காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஆர்பிஎம் ஏறினால் இன்னொரு கால் சுற்று. இறங்கத் தொடங்கினால் ஒரு படி பின்னால் வாருங்கள். கடைசியாக, தனியாக உள்ள ஐடில் வேக ஸ்க்ரூவில் வேகத்தைச் சரிசெய்யுங்கள். சட்டென்று முறுக்கும்போது வண்டி இருமி நின்றால், பெட்ரோலை அளவுக்குமேல் குறைத்துவிட்டீர்கள்.

ஒருநாள் பயணத்துக்கு இதுவே போதும். ஆனால் கலவை ஸ்க்ரூவின் அதிகாரம் ஆக்சிலேட்டரைக் கால் பங்கு முறுக்கும் வரைதான். கால் முதல் முக்கால் வரை பெட்ரோலை அளப்பது நீடில் எனும் ஊசி, அதற்குமேல் மெயின் ஜெட் எனும் பெரிய துளை. ஏற்றத்தில் பாதிக்கு மேல் முறுக்கியே ஓட்டுகிறோம் என்பதால், மலையிலேயே சில வாரம் தங்குபவர்கள் நீடிலைப் பிடித்திருக்கும் கிளிப்பின் இடத்தை மாற்றலாம்.

பெட்ரோலை மூடி, கார்புரேட்டர் மேல்மூடியைக் கழற்றி, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடை வெளியே எடுங்கள். நீடில் தலையில் காடிகள் தெரியும். பல வண்டிகளில் ஐந்து. கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கி, பெட்ரோல் குறையும். ஸ்லைடைத் திருப்பிப் போடும்போது அதன் காடி கார்புரேட்டருக்குள் உள்ள பின்னில் உட்கார வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். ‘டக்’கென்று திரும்பாவிட்டால் மறுபடி கழற்றுங்கள். காற்றழுத்தத்தால் ஸ்லைடு ஏறும் வேக்குவம் வகை கார்புரேட்டர் பலவற்றில் நீடில் தலையில் இந்தக் காடிகளே இருக்காது, அவற்றை விட்டுவிடலாம்.

மெயின் ஜெட் மாற்றுவது ஊட்டிக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. 3,500 மீட்டரில் உள்ள லடாக்கின் லே போன்ற ஊரில் நாட்கணக்கில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் மாற்றலாம். துளையின் விட்டத்தை எண்ணாகக் கொண்ட 100 ஜெட்டுக்குப் பதில் அங்கே 92 அருகில் சரியாக வரும். ஜெட்டின் பித்தளை மென்மையானது, வாய்க்குப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் அதை வழித்துவிடும்.

கணவாய்களில் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். உள்ளே போகும் மண் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். குளிர்காலையில் சோக் போட்டால் எஞ்சின் பிடித்ததும் எடுத்துவிடுங்கள். எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகி ஸ்டார்ட் ஆகாவிட்டால் சோக் இல்லாமல், ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து உதையுங்கள்.

இறங்கும்போதும் வேலை உண்டு. மேலே குறைத்த பெட்ரோல் சமவெளிக் காற்றுக்குப் பற்றாது. எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் கூடும். ஜெட்டையும் கிளிப்பையும் மாற்றியவர்கள் சமவெளிக்கு வந்ததும், வேகமெடுக்கும் முன்பே பழையபடி வைத்துவிட வேண்டும். ஸ்க்ரூவை எழுதிவைத்த சுற்றுக்குத் திருப்புங்கள். கழற்றிய ஜெட்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு டூல்ஸ் பையில் வைத்திருந்தால் மேட்டுப்பாளையத்தில் கடை தேட வேண்டியதில்லை.