இணையம் வழி ஹாம் ரேடியோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2002இல், ஹாம் நிலையங்களை இணையம் வழி இணைக்கும் எக்கோலிங்க் மென்பொருள் வந்த பிறகு, மொட்டை மாடியில் ஆன்டெனா கட்ட வழியில்லாத ஹாம்களுக்கும் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்) உலகம் திறந்தது. உரிமத்தைக் காட்டி கால்சைனை (உரிமத்தோடு வரும் உங்கள் அழைப்புக் குறியீடு) பதிவு செய்துவிட்டால் போதும், கைப்பேசியிலிருந்தே வேறு நாட்டு ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கி மீண்டும் ஒலிபரப்பும் நிலையம்) பேசலாம். அருமையான வசதி, தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் கையில் இருப்பது கைப்பேசி என்றாலும் மறுமுனையில் இருப்பது ரேடியோ. அது மறந்துபோகும்போதுதான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

நான் அடிக்கடி கேட்பது அவசரம். பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்திய நொடியே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் குரல் இணையத்தைக் கடந்து, அங்குள்ள ரிப்பீட்டரை எழுப்பி, கேட்பவரின் ரேடியோவில் இரைச்சலை அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் முதல் வார்த்தை போய்விடும். பெரும்பாலும் அந்த முதல் வார்த்தை உங்கள் கால்சைன்தான்! அழுத்தி, ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள்.

எதிரில் இருப்பவர் முடித்ததும் உடனே தொடர்வது இதைவிட மோசம். இடைவெளியே இல்லாவிட்டால் அங்குள்ள ரிப்பீட்டரின் கேரியர் விழாது (ஒலிபரப்பு நிற்காது), நேர வரம்பு வைக்கும் டைமர் ஓடிக்கொண்டே போய் உரையாடலை நடுவில் வெட்டிவிடும். அந்த ஊர் ஹாம் ஒருவர் அவசரமாகக் குறுக்கிட வேண்டியிருந்தாலும் வழி இருக்காது. இணைப்பைத் துண்டிக்க டிடிஎம்எஃப் எண் (தொலைபேசி விசை ஒலி) அனுப்பினாலும், சிம்ப்ளெக்ஸ் நோட் (ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பவும் கேட்கவும் செய்யும் இணைப்பு நிலையம்) ஒலிபரப்பிக்கொண்டிருக்கும்வரை அது காதில் விழாது. ஒவ்வொரு ஓவருக்கும் (ஒருவர் பேசும் முறை) இடையே இரண்டு மூன்று நொடி விடுங்கள். அப்புறம், இணைந்ததும் பேச ஆரம்பிக்காமல் முதலில் கொஞ்சம் கேளுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு நெட் (பலர் கூடிப் பேசும் ரேடியோ சந்திப்பு) நடந்துகொண்டிருக்கலாம். மைக் சோதனைக்கு 9999 என்ற எக்கோடெஸ்ட் நோட் இருக்கிறது. உங்கள் குரலைப் பதிந்து உங்களுக்கே திருப்பிப் போடும். அதற்காக ஆள் இருக்கும் ரிப்பீட்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

டிஎம்ஆர் ஹாட்ஸ்பாட் (டிஜிட்டல் ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் சிறு பெட்டி) வாங்கியவர்கள் அலைவரிசையில் தவறுகிறார்கள். 10 மில்லிவாட்தானே என்று கிடைத்த எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் இந்தப் பட்டையில் நமக்கு இருப்பது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. அதில் 435க்கு மேலே உள்ளது சாட்டிலைட்டுக்கான பகுதி. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் 437.800 மெகாஹெர்ட்ஸில் பூமிக்கு அனுப்புகிறது. அந்த மெல்லிய சிக்னலுக்குக் காத்திருக்கும் பக்கத்துத் தெரு ஹாமுக்கு உங்கள் சிறு பெட்டியே பெரிய இடைஞ்சல். உள்ளூர் ரிப்பீட்டர் இல்லாத இடமாகப் பார்த்து 435க்குக் கீழே வையுங்கள். ஹாட்ஸ்பாட்டில் பை-ஸ்டார் மென்பொருள் போட்டிருந்தால் அதோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். அது எல்லோருக்கும் தெரிந்த சொல்.

உரிமம் இல்லாத நண்பருக்கு உங்கள் எக்கோலிங்க் கணக்கைக் கொடுப்பது கூடவே கூடாது. ஆர்வம் இருந்தால் தேர்வு எழுதச் சொல்லுங்கள், படிக்க உதவுங்கள்.

விருதுக் கணக்கிலும் குழப்பம் உண்டு. எக்கோலிங்க்கில் பேசிய நாடுகள் பல நாடுகளோடு ரேடியோவில் பேசியதற்கான டிஎக்ஸ்சிசி விருதுக்குச் செல்லாது. வீட்டிலிருந்து அனுப்பிவிட்டு, நெதர்லாந்தில் உள்ள, இணையம் வழி கேட்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவரில் பதிலைக் கேட்டாலும் செல்லாது. அனுப்பும் கருவியும் கேட்கும் கருவியும் 500 மீட்டர் விட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, இணையம் வந்ததும் தொலைதூரம் நேரடியாகப் பேசும் எச்எஃப் (குறுஅலை) செட்டை மூட்டை கட்டி வைப்பது. 2004 டிசம்பரில் ஹாம் பாரதி பிரசாத்தின் குழு அந்தமானில் ஹாம் ரேடியோ இயக்கிக்கொண்டிருந்தபோது சுனாமி வந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்த நிலையில், தீவில் இருந்தவர்களைப் பற்றிய தகவல்கள் அவர்களுடைய ரேடியோ வழியாக நிலப்பகுதிக்கு வந்தன. அந்த மாதிரி நாளில் ஹாட்ஸ்பாட் வெறும் பெட்டி. 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜில் வையுங்கள், கம்பி டைபோல் ஆன்டெனாவை இறக்கிவிடாதீர்கள், வாரம் ஒரு முறையாவது 7 மெகாஹெர்ட்ஸ் காலை நெட்டில் செக்-இன் செய்யுங்கள்.