நிதியமைச்சரின் நாடாளுமன்றப் பதில்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில் வரி, வங்கிக் கடன், மாநிலப் பங்கு என்று ஏதாவது ஒரு பெரிய எண் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். அடியில் "நிதியமைச்சர் அவையில் ஒப்புதல்" என்று ஒரு வரி. அந்த எண் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது எதை எண்ணிய எண் என்று யாரும் பார்ப்பதில்லை.

முதல் தவறு, கேள்வியைப் படிக்காமல் பதிலை மட்டும் படிப்பது. உறுப்பினர் கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். கேட்காததைச் சொல்ல எந்த அமைச்சகத்துக்கும் ஆசை கிடையாது. "கடந்த ஐந்து ஆண்டுகளில்" என்று கேட்டிருந்தால் ஆறாவது ஆண்டு அந்த அட்டவணையில் இருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். கேள்விகள் (அ), (ஆ), (இ) என்று பிரிவு பிரிவாக இருக்கும். பதிலோ பல நேரம் "(அ) முதல் (உ) வரை" என்று மொத்தமாகக் கட்டி, ஒரே பத்தியில் முடிந்துவிடும். ஐந்து பிரிவுகளில் எதற்குப் பதிலே இல்லை என்பதைக் கேள்வியோடு ஒப்பிட்டால்தான் பிடிக்க முடியும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

யார், எப்படிப் பதில் சொன்னார்கள் என்பதையும் குழப்பிக்கொள்கிறோம். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலிடப்படும். கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான் என்பதால், அவற்றிலும் சிலவற்றுக்கே வாய்மொழிப் பதிலும் துணைக் கேள்விகளும் கிடைக்கும். நட்சத்திரமில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வ பதில் மட்டுமே. நிதித் துறையில் அந்தப் பதில்களைப் பெரும்பாலும் இணை அமைச்சர்தான் தருகிறார். அவையில் தாக்கல் செய்யப்பட்ட ஒரு தாளை "நிதியமைச்சர் ஆவேசம்" என்று எழுதுவது தவறு. நிதி மசோதா விவாதத்துக்கு நிதியமைச்சர் அளிக்கும் பதிலுரை வேறு ரகம். அதில் அரசியல் இருக்கும், எதிர்க்கட்சிக்குக் குத்தல் இருக்கும். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் எழுத்துப்பூர்வ பதிலுக்குப் போவதே நல்லது.

அதிகம் பேர் சறுக்குவது வங்கிக் கடன் விஷயத்தில். "பொதுத்துறை வங்கிகள் இத்தனை லட்சம் கோடியைக் கணக்கிலிருந்து நீக்கின" என்று பதில் வந்தால், மறுநாளே "பணக்காரர்களின் கடன் ரத்து" என்று பரவும். ரத்து என்றால் கடனாளி அதற்கு மேல் கட்ட வேண்டியதில்லை. கணக்கிலிருந்து நீக்குவதில் அவர் பொறுப்பு அப்படியே இருக்கும். வழக்கு, சொத்து ஏலம், திவால் நடவடிக்கை எல்லாம் தொடரும். வாராக்கடனாகி நான்கு ஆண்டுகள் கடந்து, அதன் முழுத் தொகைக்கும் வங்கி ஒதுக்கீடு செய்த பிறகு இருப்புநிலைக் குறிப்பிலிருந்து அதை எடுத்துவிடுகிறார்கள். இந்த விளக்கத்தை அமைச்சகம் ஏறக்குறைய ஒவ்வொரு பதிலிலும் சேர்க்கிறது.

அதற்காக, "வெறும் கணக்குப் பதிவுதானே" என்று கடந்துபோவதும் அதே அளவு தவறு. ஒதுக்கீடு என்பது வங்கியின் லாபத்திலிருந்து ஏற்கெனவே போன பணம். அப்படி மூலதனம் கரைந்த பொதுத்துறை வங்கிகளுக்காகத்தான் 2017 அக்டோபரில் 2.11 லட்சம் கோடி ரூபாய் மறுமூலதனத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆகவே நீக்கிய தொகையை மட்டும் பார்த்துக் கொதிக்காமல், அதே பதிலில் வசூலான தொகை எவ்வளவு என்று பாருங்கள். அது இல்லையென்றால் உறுப்பினர் கேட்கவில்லை, அல்லது கேட்டும் சொல்லவில்லை. இரண்டில் எது என்பதே ஒரு செய்தி.

அடுத்தது மாநிலப் பங்கு. மத்திய வரியை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 15ஆவது நிதிக்குழுவின் காலத்தில் (2021-26) மாநிலங்களுக்கு 41 சதவீதம், அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். ஆனால் அந்த 41, மத்திய அரசு திரட்டும் மொத்த வரியில் அல்ல. பகிர்வுக்கு உரிய தொகுப்பில்தான். செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரி), சர்சார்ஜ் (வரியின் மீதான கூடுதல் வரி) இரண்டும் அந்தத் தொகுப்புக்குள் வருவதே இல்லை. 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 19.90 ரூபாயாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பகிரப்படும் அடிப்படைக் கலால் வெறும் 1.40 ரூபாய். மற்றதெல்லாம் செஸ்ஸும் சிறப்புக் கூடுதல் தீர்வையும். எனவே "வரி வருவாய்" என்று பதிலில் கண்டால் மொத்தமா, பகிர்ந்தது போக நிகரமா என்று பார்க்காமல் வகுத்தல் கணக்குப் போடாதீர்கள். பட்ஜெட் மதிப்பீடா, திருத்திய மதிப்பீடா, முடிந்த கணக்கா என்பதும் அடிக்குறிப்பில் இருக்கும்.

வருமான வரியில் இன்னொரு பிசகு: கணக்குத் தாக்கல் செய்தவர்களை எல்லாம் வரி கட்டியவர்களாக எண்ணுவது. தாக்கல் செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு வரி பூஜ்யம். 2025-26 பட்ஜெட்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை தள்ளுபடி நீண்டதால் இந்த இடைவெளி இன்னும் விரியும். மறுபுறம், தாக்கலே செய்யாமல் டி.டி.எஸ். (வருமானம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படும் வரி) மூலம் வரி கட்டியவர்களும் உண்டு.

"அத்தகைய முன்மொழிவு எதுவும் தற்போது பரிசீலனையில் இல்லை" என்ற பதிலை "ஒருபோதும் வராது" என்று படிக்க வேண்டாம். 'தற்போது' அந்த வாக்கியத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பெட்ரோல், டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவருவது பற்றிய கேள்விகளுக்கு, ஜி.எஸ்.டி. கவுன்சில் (மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து முடிவெடுக்கும் அமைப்பு) பரிந்துரைக்கவில்லை என்ற பதில் வரும். அது தட்டிக்கழிப்பு மட்டுமல்ல. கவுன்சிலில் மத்திய அரசின் வாக்கு எடை மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். மத்திய அரசு சம்மதிக்காமல் எதுவும் நிறைவேறாது. அது தனியாக எதையும் நிறைவேற்றவும் முடியாது. பதிலைக் கேட்டு ஒரே பக்கத்தைத் திட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

"தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்பதும் அப்படித்தான், ஏமாற்று என்று ஒதுக்கிவிடுகிறோம். விதிப்படி அது ஓர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும்; இழுத்தால் அரசு உறுதிமொழிகள் குழு கேட்கும். தாமதம் சகஜம்தான், ஆனால் கோப்பு தானாக மூடப்படுவதில்லை.

கேள்வி நேரமே வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 1957ஐப் பார்க்கலாம். அரசுக் காப்பீட்டு நிறுவனமான எல்.ஐ.சி., தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியதை மக்களவையில் கேள்வியாகக் கிளப்பினார்கள். கிடைத்த பதிலில் திருப்தியடையாமல் பெரோஸ் காந்தி துருவிக்கொண்டே போனார். ஆளுங்கட்சி உறுப்பினர்தான் அவரும். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இரு அவைகளின் பதில்களும் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் பி.டி.எஃப். கோப்புகளாகக் கிடைக்கின்றன. நிதி அமைச்சகத்தின் முறை மக்களவையில் திங்கள், மாநிலங்களவையில் செவ்வாய். கோப்பைத் திறந்தால் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். மாநிலவாரி அட்டவணை இருந்தால் அது பெரும்பாலும் இணைப்பாக அங்கேதான் இருக்கும்.