மாணவர்களுக்குப் பிடித்திருந்தது, சரி, கற்றார்களா?

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காடு, சித்தூர் பக்கத்து நர்சிங், மெடிக்கல் கல்லூரிகளில் பாடம் நடத்துகிற யாரும், பாடம் நடத்தும் முறையையே சோதிக்கும் கல்வி ஆய்வுக்கு என்றாவது வந்து சேர்கிறார்கள். சிலருக்கு எம்.எஸ்சி. தீசிஸ், சிலருக்குப் பதவி உயர்வுக்கு வேண்டிய கட்டுரை. பெரும்பாலும் அச்சு ஒன்றுதான்: புதிய முறையில் ஒரு வகுப்பு, அதற்கு முன் ஒரு தேர்வு, முடிந்த கையோடு அதே வினாத்தாளில் இன்னொரு தேர்வு. மதிப்பெண் கூடியிருக்கும், பீ வேல்யூ (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு) 0.05-க்குக் கீழே இருக்கும், "இம்முறை சிறந்தது" என்று முடிவுரையும் வந்துவிடும்.

எதைவிடச் சிறந்தது? ஒரு மணி நேரம் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் சொல்லிக்கொடுக்காததைவிட மதிப்பெண் கூடத்தான் செய்யும். புதிய முறையாக ரோல் ப்ளேயை, அதாவது மாணவர்களே நடித்துக் கற்பதைச் சோதிப்பதென்றால் மற்ற பாதி வகுப்புக்கு அதே ஒரு மணி நேரம், அதே பாடம், வழக்கமான லெக்சர் தர வேண்டும். முதல் தேர்வும் சும்மா இருப்பதில்லை. ஒன்றைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதினால் அது மேலும் நன்றாக மனதில் நிற்கும் என்று 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் சோதித்துக் காட்டினார்கள். கேள்வியை முன்கூட்டியே பார்த்துவிட்ட மாணவி வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் உட்கார்வாள். ஆகவே இரண்டு குழுவும் இரண்டு தேர்வையும் எழுதட்டும். ஆறு வாரம் கழித்து, வார்டு போஸ்டிங்குக்கு நடுவில், மூன்றாவதாக ஒன்று வையுங்கள். பல ஆய்வுகளின் சாயம் அங்கேதான் வெளுக்கும்.

டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகள் வைத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் விளைந்ததா. நம் ஆய்வுகளில் பல முதல் படியில் நின்றுகொண்டு நான்காவதைப் பற்றிப் பேசுகின்றன. "மாணவர்களில் பெரும்பாலோர் திருப்தி தெரிவித்தனர்" என்பது வகுப்பு போரடிக்கவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. படிவத்தை நீட்டுவது மார்க் போடும் டீச்சர் என்றால் அதற்குக்கூடச் சான்றில்லை.

இன்டெர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கும்போது மாணவர் தரும் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள், மேலதிகாரத்துக்குக் கட்டுப்பட்ட மாணவர்களைத் தனிப் பாதுகாப்பு வேண்டியவர்களாகவே பார்க்கின்றன. படிவத்தை வாங்கும் வேலையை, பாடம் எடுக்காத வேறொருவரிடம் விடுங்கள். பெயர் கேட்கவில்லை என்பதும் போதாது. ஆண் பிள்ளைகள் நாலைந்து பேரே இருக்கும் நர்சிங் பேட்சில் "ஆண், சொந்த ஊர் அகளி" என்று எழுதிவிட்டால் பெயர் எதற்கு? எத்திக்ஸ் கமிட்டி அனுமதியையும் ஆய்வு தொடங்குமுன்பே வாங்கிவிட வேண்டும். தரவு சேர்த்த பிறகு போய் நின்றால் கிடைக்காது.

எல்லைக்கே உரிய தவறு ஒன்று உண்டு. அது மொழி. ஹோவர்டு பேரோஸ் 1963-இல் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை மருத்துவக் கல்விக்குள் கொண்டுவந்தார். 1975-இல் ரொனால்டு ஹார்டன் ஆஸ்கி தேர்வை அறிமுகப்படுத்தினார்: மாணவர் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்துகாட்ட, செக்லிஸ்ட்டைப் பார்த்து மார்க் போடுவார்கள். இரண்டும் இங்கே வரும்போது நடிப்பவர் அநேகமாக மலையாளம்தான் பேசுகிறார். கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் படித்து வந்த பெண், இன்சுலின் பற்றி விளக்கும் ஸ்டேஷனில் தடுமாறி மார்க் இழக்கிறாள். அளந்தது மலையாளத்தையா, விளக்கும் திறமையையா? அவளையே ஓ.பி.யில் பாருங்கள். "ஊசி எங்க போடறீங்க பாட்டி?" "தொப்புளச் சுத்தித்தானுங்க அம்மிணி." "ஒரே எடத்துல போட்டா கட்டி விழுந்துருமுங்க, மாத்தி மாத்திப் போடோணும்." ஆஸ்கியில் முழு மார்க் வாங்கிய கண்ணூர்ப் பையன் அதே பாட்டி முன்னால் திணறுவான். செக்லிஸ்ட் இதைக் காட்டாது. எந்த மொழியில் தேர்வு நடந்தது, மாணவர் வீட்டில் பேசுவது எது என்ற இரண்டு தகவலாவது அட்டவணையில் இருக்க வேண்டும். முடிந்தால் ஒரு ஸ்டேஷனைத் தமிழ் பேசும் 'நோயாளி'யோடு வைக்கலாம். வெளிநாட்டுக் கேள்வித்தாளை மொழிபெயர்க்கிறீர்களா? மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். பிறகு சில மாணவர்களை ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போதுதான் வேடிக்கை தெரியும்.

கற்கும் பாணியைக் கண்டறிவதாகச் சொல்லும் 'வார்க்' கேள்வித்தாளைக் கொடுத்து, கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று வகுப்பைப் பிரிக்கும் ஆய்வு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. செய்ய எளிது, அதனால்தான். கற்கும் பாணிக்கு ஏற்றபடி பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உளவியலாளர் பேஷ்லரும் சகாக்களும் 2008-இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். கைடு இந்தத் தலைப்பைக் கொடுத்தால் அந்தக் கட்டுரையை அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டு, பணிவாக வேறு தலைப்பு கேளுங்கள்.